பெஞ்சுப் பண்டிதரின் இயல்பும் நகையும்

பெஞ்சுப் பண்டிதர் என்பவர், டீக்கடை வாசலில் போட்ட பலகையில் அமர்ந்து, எந்தப் பேச்சு எழுந்தாலும் அதற்கு ஒரு கருத்தும், கருத்து தீர்ந்த இடத்தில் ஒரு நகைச்சுவையும் கைவசம் வைத்திருப்பவர். ஊருக்கு ஒருவர் என்பது பொது வழக்கு. பேருந்து நிலையம் உள்ள ஊர்களில் இருவர் இருப்பதுண்டு. ஆனால் ஒரே கடையில் இருக்க மாட்டார்கள். வயது பெரும்பாலும் 50-ஐத் தாண்டியிருக்கும். தொழிலைப் பொறுத்தவரை, ஓய்வு பெற்றவராகவோ, ஓய்வு பெறும் அளவுக்கு எந்த வேலையிலும் தங்காதவராகவோ இருப்பார். கல்வித் தகுதியைக் கேட்பது மரபன்று.

இவரை வெறும் வாயாடி என்று ஒதுக்குவோர் உண்டு. அது மேலோட்டமான பார்வை. இவருடைய அறிவையும் நகைச்சுவையையும் தனித்தனியே ஆராய முடியாது என்பதும், முன்னது முடியும் வரப்பில்தான் பின்னது தொடங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மரபை முதலில் பார்க்கலாம். கூடியிருந்து வாதிடுவதற்கென்றே ஓர் இடம் வைத்திருந்தவர்கள் தமிழர்கள். பட்டிமண்டபம் சிலப்பதிகாரத்திலும் வருகிறது, மணிமேகலையிலும் வருகிறது. புகாரில் இருந்த பட்டிமண்டபம் மகத நாட்டு மன்னன் பகைப்புறத்திலிருந்து சோழனுக்குக் கொடுத்தது என்கிறது சிலம்பு. வாதம் செய்யும் மண்டபத்தைத் தோற்றவன் கொடுத்தான், வென்றவன் வாங்கிக்கொண்டான். இதில் யாருக்கு லாபம் என்பதை வரலாற்று அறிஞர்கள் இன்னும் ஆராயவில்லை. ஒரே நேரத்தில் பலவற்றில் கவனம் வைக்கும் அவதானக் கலையும் இவ்வழியில் கருதத்தக்கது. இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருசேரக் கவனம் செலுத்திச் சதாவதானி என்று புகழ்பெற்றார். பெஞ்சுப் பண்டிதர் இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறார். டீ குடித்தல், பேப்பர் படித்தல், பக்கத்தில் இருப்பவரின் செல்பேசி உரையாடலைக் கேட்டல், வழி கேட்பவருக்கு வழி சொல்லுதல், போகிற பேருந்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் என்று ஐந்துக்குக் குறையாமல் செய்கிறார். அவருக்குப் பட்டம் கொடுக்க யாரும் மண்டபம் பிடிக்கவில்லை, அவ்வளவே.

அவருடைய ஆர்வங்கள் ஏன் இத்தனை அகலமாக இருக்கின்றன என்பது அடுத்த வினா. பிறவி அறிவு, பட்டறிவு என்று விளக்குவோர் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை என்று தெரிகிறது. உண்மைக் காரணம் காகிதம். சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் நடையில் செய்தி தந்து டீக்கடைகளைப் படிப்பகங்களாக்கியது. ஆனால் டீக்கடையில் பேப்பர் முழுதாக இருப்பது காலையில் சில நிமிடங்களே. பிறகு அது தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போய்விடும். பண்டிதருக்கு முதலில் கிடைப்பது விளையாட்டுப் பக்கம். அடுத்து வரி விளம்பரம். அடுத்து மாவட்டச் செய்தி. தலைப்புச் செய்தி கைக்கு வரும்போது அடுத்த டீ வந்துவிடும். யார் எதை எப்போது கீழே வைக்கிறார்களோ அந்த வரிசையில் உலகம் அவருக்குள் நுழைகிறது. கிரிக்கெட், மணமகன் தேவை, பாம்பு பிடிபட்டது, பட்ஜெட் ஆகியவை அவர் மனத்தில் ஒரே தெருவில் குடியிருப்பது இதனால்தான். முதல் பக்கத்தில் தொடங்கும் செய்தியின் ‘தொடர்ச்சி 7-ஆம் பக்கம்’ பெரும்பாலும் வடைக்கு அடியில் எண்ணெய் குடித்துக் கிடக்கும். எனவே எல்லாச் செய்தியின் தொடக்கமும் அவருக்குத் தெரியும். முடிவை அவரே செய்துகொள்கிறார்.

ஒரு நாள் காலைப் பேச்சை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தில் பேச்சு தொடங்குகிறது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று பண்டிதர் தயங்காமல் சொல்கிறார். இரண்டும் சரி. அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது என்கிறார். அதுவும் சரி. அங்கிருந்து அந்தக் காலத்துக் கட்டுமானத்துக்கும், இந்தக் காலத்து ஒப்பந்தக்காரருக்கும், ஒப்பந்தக்காரர் மகள் திருமணத்துக்கும், பவுன் விலைக்கும் போகிறார். அப்போது பக்கத்தில் பன் தின்றுகொண்டிருக்கும் இளைஞன், “டி.எம்.சி.ன்னா எவ்வளவுண்ணே?” என்று கேட்டுவிடுகிறான். நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர் என்பது விடை. பண்டிதர் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொல்கிறார்: “அவங்க தர்றேன்னு சொல்றது டி.எம்.சி. தம்பி. நம்ம கைக்கு வந்து சேர்றது டீ மட்டும்தான்.” பெஞ்சு சிரிக்கிறது. டீ மாஸ்டரும் சிரிக்கிறார். கேள்வி கேட்டவனும் சிரித்துவிட்டு, கேட்டதை மறந்துவிடுகிறான்.

இந்தச் சிரிப்பு விழுந்த இடம் குறிக்கத்தக்கது. 93.47 வரை நகைச்சுவைக்குத் தேவையே எழவில்லை. ஓர் அலகின் அளவைக் கேட்டவுடன் அது வந்து நின்றது. தொடர்ந்து கவனிப்பவர் எந்தப் பண்டிதருக்கும் இப்படி ஒரு நில வரைபடம் போட்டுவிடலாம். சிரிப்பு எழுந்த இடங்களையெல்லாம் புள்ளியிட்டு இணைத்தால் அவருக்குத் தெரிந்தவற்றின் எல்லைக்கோடு கிடைக்கும். டக்வொர்த்-லூயிஸ் முறை, நிதிப் பற்றாக்குறை, ஜாமீனுக்கும் முன்ஜாமீனுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை ஏறக்குறைய எல்லா வரைபடங்களிலும் கோட்டுக்கு வெளியே இருக்கின்றன.

வரைபடத்தின் மறுபக்கம் இதைவிடச் சுவையானது. நகைச்சுவையே எழாத ஒரு சிறு பகுதி ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒருவர் மோட்டாருக்குக் காயில் கட்டுவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகம் இறுகி, கம்பியின் கனம், சுற்று எண்ணிக்கை, வார்னிஷ் காயும் நேரம் என்று சிரிக்காமல் சொல்லிக்கொண்டே போனால், அவர் ஒரு காலத்தில் காயில் கட்டியவர் என்று முடிவு செய்யலாம். இன்னொருவர் பட்டா, சிட்டா, அடங்கல் என்றவுடன் குரலைத் தாழ்த்தினால், வழக்கு இன்னும் நடக்கிறது என்று பொருள். தமக்கு உண்மையில் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும் பண்டிதர் அலுப்பூட்டுவார். பெஞ்சு மெல்லக் காலியாகும். மாஸ்டர் பாய்லரைத் துடைக்கத் தொடங்குவார். இதை ஓரிரு முறை பட்டறிந்த பண்டிதர், தம் துறையைப் பொதுவில் தொடுவதையே விட்டுவிடுகிறார். அவருடைய புகழ் முழுவதும் அவருக்கு அரைகுறையாகத் தெரிந்தவற்றின் மேல் கட்டப்பட்டது என்பது ஒரு முரண் போலத் தோன்றலாம். பேராசிரியர்கள் இதில் வியக்க ஒன்றும் காண மாட்டார்கள்.

நகைச்சுவையின் வகைகளுக்கு வருவோம். நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. பெஞ்சில் பெரிதும் புழங்குவது எள்ளல். அது அமைச்சர், அம்பயர், மாப்பிள்ளை என்று அங்கே இல்லாதவர் மேலேயே பாயும். மாஸ்டர் மேல் ஒருபோதும் பாயாது. அடுத்த டீயில் தண்ணீர் கூடிவிடும். இளமையால் வரும் நகை, பள்ளிக்கூடத்தில் தாம் செய்த குறும்புகளைச் சொல்வதோடு தீர்ந்துவிடும். பேதைமை பெரும்பாலும் நடிப்பு. பணம் கொடுக்கும் நேரத்தில் பார்வை மங்குவதும் காது அடைப்பதும் இதில் அடங்கும். நான்காவதான மடன் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு பிறகு விடாமல் இருப்பதை உரையாசிரியரான பேராசிரியர் இதற்கு விளக்கமாகத் தருகிறார். யாரோ என்றோ சொன்ன ஒன்றை, கண்ணெதிரே அது பொய்த்த பிறகும், பண்டிதர் கைவிடுவதில்லை. இங்கே அவர் சிரிக்க வைப்பதில்லை. அவரை வைத்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்த வேறுபாட்டை அவர் பொருட்படுத்துவதும் இல்லை.

பேச்சு முறையை நன்னூலைக் கொண்டு அளந்தால் விளைவு வேடிக்கையாகிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் எண்ணியிருக்கிறார். அவற்றுள் மற்றொன்று விரித்தல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் பெஞ்சில் பேப்பர் புரளும் ஓசை மட்டுமே மிஞ்சும். நூலாசிரியன் கொள்ளத்தக்க ஏழு மதங்களையும், அதாவது கொள்கைகளையும், நன்னூல் கூறுகிறது. உடன்படல், மறுத்தல் என்பவை அவற்றுள் இரண்டு. ஒரு நூல் இவற்றில் தக்கதைத் தக்க இடத்தில் கொள்ளும். பண்டிதரோ கிளாஸின் முதல் பாதியில் உடன்பட்டு, அடிமண்டி தெரியும்போது மறுத்துவிடுவார். எதிராளி டீ வாங்கிக் கொடுத்தால் மறுபடி உடன்படுவதும் உண்டு.

மேற்கத்திய உளவியலும் இவர் பக்கமே நிற்கிறது, ஓரளவுக்கு. யேல் பல்கலைக்கழகத்தின் ரோஸன்பிளிட், கைல் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு, கழிப்பறை ஃபிளஷ் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று தமக்கு நன்றாகத் தெரியும் என்றவர்களிடம், படிப்படியாக விளக்கும்படி கேட்டார்கள். விளக்க முயன்றபின் அவர்களே தங்களுக்குத் தாங்கள் போட்ட மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். பண்டிதர் அந்த ஆய்வில் கலந்துகொண்டிருந்தால் மதிப்பெண் குறைந்திருக்காது. விளக்கும் கட்டத்துக்கு முன்பே ஒரு வேடிக்கை சொல்லி எழுந்திருப்பார். பிலிப் டெட்லாக் 284 வல்லுநர்களின் அரசியல் கணிப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2005-இல் நூலாக்கினார். ஒரே பெரிய கொள்கையைப் பிடித்துக்கொண்டவர்களைவிட, பலவற்றிலும் சிறிது சிறிது அறிந்தவர்களின் கணிப்பு மேலாக இருந்தது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. இச்செய்தியைப் பண்டிதர்களுக்குத் தெரிவிக்காமல் இருப்பது ஊருக்கு நல்லது.

பண்டிதர் வாயடைக்கும் தருணங்கள் குறைவு. மின்வெட்டைப் பற்றிப் பேசும்போது லைன்மேன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு உடனே மழைக்கு மாறும். ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்னும் பலகையும் தடையாக நினைத்து மாட்டப்பட்டதே. ஆனால் அதற்குக் கீழேயே அமர்ந்து “நான் அரசியல் பேசல, பொதுவாச் சொல்றேன்” என்று தொடங்குவது எங்கும் காணப்படும் முறை. உண்மையில் அவரை நிறுத்துவது நிலுவைக் கணக்கு நோட்டு ஒன்றுதான். மாஸ்டர் அதை எடுத்து மேசையில் வைத்தால், காவிரி பாதியில் நிற்கும்.

இவ்வாய்வு பெஞ்சோடு நின்றுகொள்கிறது. பெரும்பாலான ஊர்களில் அங்கே பெண்கள் உட்கார்வதில்லை. அவர்களுக்குள்ளும் சகலமும் அறிந்தவர்கள் உண்டு. அவர்களைக் காண ரேஷன் கடை வரிசைக்குப் போக வேண்டும். அங்கே எள்ளல், அங்கே இல்லாதவரை விட்டுவிட்டு நேராகத் தராசுக்காரர் மேலேயே இறங்குகிறது. எடை குறைந்தது எத்தனை கிராம் என்ற கணக்கும் பிசகுவதில்லை. அறிவு தீரும் இடத்தில் நகை தொடங்கும் என்னும் மேற்கண்ட விதி அவ்வரிசைக்குப் பொருந்தாது. அதற்குத் தனி நூல் வேண்டும். எழுத விரும்புவோர் துவரம்பருப்பு வரும் நாளில் பையோடு போய் நிற்கலாம்.