சக்கடாஷ் இயல்: சோளமும் பீன்ஸும் ஒரு சட்டியில் வேகும் முறை பற்றிய ஆராய்ச்சி

சக்கடாஷ் என்பது மக்காச்சோள மணிகளையும் பீன்ஸ் கொட்டைகளையும் சேர்த்து வேகவைத்து, வெண்ணெயோ பன்றிக்கொழுப்போ இட்டு இறக்கும் அமெரிக்கத் தொடுகறி. இலக்கணம் இவ்வளவே. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது சக்கடாஷ் ஆகாது. வெண்டைக்காய், தக்காளி, குடைமிளகாய், இறால் ஆகியவை அதில் விருந்தினராக வரலாம், வீட்டுக்காரராக முடியாது. இந்த வேறுபாட்டைச் சமையல் நூல்கள் அழுத்திச் சொல்லாததால், குளிர்பெட்டியில் மிஞ்சியதையெல்லாம் ஒரே வாணலியில் புரட்டி அந்தப் பெயரால் பரிமாறும் வழக்கம் பெருகிவிட்டது. எனவே இப்பொருளை முறைப்படி ஆராய வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கு வேறு கருவி அகப்படாத நிலையில் திணைப் பகுப்பு நன்றாகவே கைகொடுக்கிறது. முதற்பொருளில் நிலம், வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து; குறிப்பாக இன்றைய ரோட் ஐலண்டு, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் நரகான்செட், வாம்பனோவாக் மக்கள் வாழ்ந்த கடலோரம். பெரும்பொழுது, இளங்கதிரும் பச்சைக் கொட்டையும் ஒருசேரக் கிடைக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள். கருப்பொருளில் புள், வான்கோழி. விலங்கைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பன்றி என்பார் ஒருசாரார். பன்றியைக் கப்பலில் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர், அதற்கு முன் அங்கே கரடிக்கொழுப்பே புழக்கத்தில் இருந்தது, ஆதலால் பன்றி இடைச்செருகல் என்க. உரிப்பொருள், இருத்தலும் இருத்தல் நிமித்தமும். அதாவது பீன்ஸ் வேகும்வரை சோளம் ஆற்றியிருத்தல். குழந்தைகள் கொட்டைகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும்போது மட்டும் பிரிதல் வந்து மயங்கும்.

சட்டியில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே இவ்விரண்டும் வயலில் சேர்ந்துவிட்டன. சோளத்தின் பிறப்பிடம் தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. தியோசிந்தே என்னும் காட்டுப்புல்லை ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பயிராக்கத் தொடங்கினார்கள். பீன்ஸும் பூசணியும் பிறகு அதனோடு ஒரே மேட்டில் ஊன்றப்பட்டன. சோளத்தண்டு கொடிக்குக் கொழுகொம்பு. பீன்ஸின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். பூசணியிலை தரையை மூடிக் களையையும் வெயிலையும் தடுக்கும். ஹோடனசோனி என்னும் வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் இம்மூன்றையும் மூன்று சகோதரிகள் என்று போற்றுகிறார்கள். மூன்றாம் சகோதரி சக்கடாஷில் சிலபோது இடம்பெற்றாலும் பெரும்பாலும் சட்டிக்கு வெளியே நிறுத்தப்படுவது ஏன் என்பதை ஆய்வுலகம் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதுதான்.

எந்த பீன்ஸ் என்பதில்தான் ஆய்வாளர் இரு அணியாகப் பிரிகின்றனர். அமெரிக்காவில் இன்று பெரும்பான்மை லைமா பீன்ஸ் பக்கம். பெரு நாட்டின் தலைநகரால் பெயர்பெற்ற தட்டையான இக்கொட்டை தமிழ்நாட்டுக் காய்கறிக் கடைகளில் டபுள் பீன்ஸ் என்று விற்கப்படுவதே. வாசகர் தேடி அலைய வேண்டாம். ஆனால் லைமாவுக்கு நீண்ட வெப்பக்காலம் தேவை. நியூ இங்கிலாந்தின் குறுகிய கோடை அதற்குப் போதாது என்பதால், சிவப்புக் கோடு ஓடிய கிரான்பெரி பீன்ஸ்தான் அசல் என்று வடக்கத்தியர் வாதிடுகிறார்கள். தெற்கே லைமாவை வெண்ணெய் பீன்ஸ் என்று கொஞ்சி அழைத்து, வெண்டைக்காயும் தக்காளியும் சேர்க்கிறார்கள். வாதத்தில் வடக்கு வென்றாலும் வாய்க்கு எட்டுவது தெற்கின் சட்டியே.

எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம். ரோட் ஐலண்டு குடியேற்றத்தைத் தோற்றுவித்த ராஜர் வில்லியம்ஸ், நரகான்செட் மொழியைப் பற்றி 1643இல் லண்டனில் அச்சிட்ட நூலில், முழுதாக வேகவைத்த சோளத்துக்கு அம்மக்கள் வழங்கிய சொல்லைப் பதிந்திருக்கிறார். இன்றைய பெயர் அதன் மரூஉ. 1621இல் பிளிமத்தில் நடந்த புகழ்பெற்ற அறுவடை விருந்தில் சக்கடாஷ் பரிமாறப்பட்டதாக, நன்றியறிதல் நாளை ஒட்டி ஆண்டுதோறும் நவம்பரில் எழுதப்படுகிறது. அவ்விருந்தை நேரில் கண்ட எட்வர்ட் வின்ஸ்லோ பறவைகளையும் ஐந்து மான்களையும் குறிப்பிடுகிறார்; சக்கடாஷைக் குறிப்பிடவில்லை. தொடுகறியை யாரும் எழுதிவைப்பதில்லை என்பது வேறு விஷயம். சோளம் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயரிடம் இருந்தது உறுதி. முந்தைய ஆண்டு நவம்பரில் கேப் காட் கரையில், பிறர் கூடையிலிட்டுப் புதைத்து வைத்திருந்த விதைச்சோளத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அதை விதைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் வாம்பனோவாக் இனத்தவரான திஸ்குவாண்டம்.

ஐயத்துக்கு இடமில்லாத விருந்து 1769 டிசம்பர் 22 அன்று பிளிமத்தில் நடந்தது. அவ்வாண்டு தொடங்கப்பட்ட ஓல்டு காலனி கிளப் என்னும் சங்கத்தார் முன்னோர் தரையிறங்கிய நாளைக் கொண்டாட அமர்ந்தபோது, மட்டி, சிப்பி, காட் மீன், மான்தொடை, விலாங்கு ஆகியவற்றோடு ஒரு தட்டு சக்கடாஷும் வந்தது. அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. பிளிமத் முறை மற்றெல்லா முறைகளிலிருந்தும் வேறுபட்டது. தோல் நீக்கிய உலர்சோளம், வெள்ளை பீன்ஸ், உப்பிட்ட மாட்டிறைச்சி, கோழி, டர்னிப், உருளைக்கிழங்கு எல்லாம் அதில் வேகும். அதைத் தொடுகறி என்று சொன்னால் மற்றவையெல்லாம் ஊறுகாய்தான்.

தோல் நீக்குதல் என்று மேலே போகிறபோக்கில் சொல்லப்பட்டது சிறு செய்தி அன்று. உலர்சோளத்தை மரச்சாம்பல் நீரில் கொதிக்கவைத்தால் தோல் கழன்றுவிடும். கூடவே அதில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் வைட்டமின் உடலுக்குக் கிடைக்கும் நிலைக்கு வரும். பழங்குடிகள் நெடுங்காலமாகச் செய்துவந்த இந்த வேலையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட இடங்களில் பெலாக்ரா என்னும் கொடிய நோய் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் சோளமாவு, கொழுப்பு, வெல்லப்பாகு ஆகியவற்றையே உண்டு வாழ்ந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் அதற்குப் பலியானார்கள். அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று 1914 முதல் ஆராய்ந்து நிறுவியவர் ஜோசப் கோல்ட்பர்கர். சோளப்புரதத்தில் லைசினும் டிரிப்டோபேனும் குறைவு. பீன்ஸில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சோசியர் இல்லாமலே பத்துப் பொருத்தமும் அமைந்த சம்பந்தம் இது.

பொருந்தாதது ஒன்றே ஒன்று: நேரம். புதுச்சோளம் வேக நான்கைந்து நிமிடம் போதும். பச்சை லைமா பதமாக இருபது நிமிடமாவது ஆகும். உலர்ந்த கொட்டையானால் இரவெல்லாம் ஊறிய பின்னும் ஒரு மணி நேரம் வரை அடுப்பில் இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், கொட்டை பதமாகும்போது சோளம் ரப்பராகிவிடும். சோளம் பதமாக இருக்கும்போது இறக்கினால் கொட்டை பல்லைச் சோதிக்கும். ஆகவே சக்கடாஷ் சமைத்தல் என்பது இரு வேறு நேரங்களை ஒரே நேரத்தில் முடிக்கும் கலை. பிற அனைத்தும், உப்பு உட்பட, உரைவிளக்கமே.

நால்வருக்கு அளவு: சோளக்கதிர் நான்கு, பச்சை லைமா இரண்டு கப், வெங்காயம் ஒன்று, வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. முதல் வேலை பீன்ஸுக்கு. உலர் கொட்டையானால் ஊறவைக்கும் நீரிலேயே உப்புப் போடலாம். உப்பு கொட்டையை விறைக்கச் செய்யும் என்பது பாட்டிமார் வழி வந்த கொள்கை. உண்மையில் சோடியம் தோலிலுள்ள கால்சியத்தை இடம்பெயர்த்து அதை மென்மையாக்குகிறது. கடினப்படுத்துவது புளிப்பு. தக்காளி சேர்ப்பதானால் கொட்டை முழுதும் வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னால் போட்டவர் மறுநாள் காலைவரை காத்திருக்கலாம். பச்சை லைமாவில் சயனைடு தரக்கூடிய லினமரின் உண்டு என்பதால் அதைப் பச்சையாக வாயில் போடுவது ஆராய்ச்சி ஆர்வத்தில் சேராது. மூடி திறந்த பாத்திரத்தில் நன்கு கொதிக்கவைத்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும். சிவப்பு கிட்னி பீன்ஸை எடுத்துக்கொள்வோர் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுவது கட்டாயம். மிதமான சூட்டில் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம் அதிலுள்ள நச்சுப்புரதத்தை அழிக்கப் போதாது.

அடுத்தது கதிர். அதை அகன்ற பாத்திரத்தில் நட்டுக்குத்தலாக நிறுத்தி, மணியின் ஆழத்தில் முக்கால் பங்கு மட்டும் கத்தியால் சீவ வேண்டும். பிறகு கத்தியின் முதுகால் தண்டை வழித்தால் பால் வரும். மாவு சேர்க்காமலே கறியைத் திரளவைப்பது இந்தப் பால்தான். தகர டப்பாச் சோளத்தில் இல்லாததும் இதுவே. மணி உதிர்த்த தண்டுகளைத் தூக்கியெறியாமல் கால் மணி நேரம் கொதிக்கவைத்தால், பீன்ஸுக்கு ஊற்ற இனிப்பான சாறு கிடைக்கும். கதிர் பறித்த அன்றே சமைப்பது நல்லது. பறித்த கணம் முதல் சோளத்தின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது; வெயிலில் ஒரு நாள் கிடந்த கதிர் இனிப்பைப் பெருமளவு இழந்திருக்கும். 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் உருவாக்கிய மீயினிப்பு வகைகள் இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன. கடையில் வாங்கிய கதிர் மூன்றாம் நாளும் இனிப்பாக இருந்தால் நன்றி அவருக்கே.

இனி சேர்க்கை. வாணலியில் வெண்ணெயை உருக்கி வெங்காயத்தைக் கண்ணாடிபோல் வதக்கி, வெந்த பீன்ஸையும் ஒரு கரண்டி தண்டுச்சாற்றையும் இட்டு, கொதி வந்ததும் சோளத்தையும் பாலையும் போட்டு நான்கு நிமிடம் கிளறி இறக்குக. உப்பு, மிளகுத்தூள். விரும்பினால் சிறிது பாலாடை. பேக்கன் உள்ள வீட்டில் அதன் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்குவார்கள்; வெண்ணெய்க் கட்சியினர் அதை மறுத்தாலும் தட்டை மிச்சம் வைப்பதில்லை. அளவுச் சிக்கலுக்கு பாஸ்டனில் 1896இல் ஃபேனி ஃபார்மர் தம் சமையல் நூலில் வழி சொல்லிவிட்டார்: சோளமும் பீன்ஸும் சம அளவு. இதற்கு மேல் வழக்காட ஒன்றுமில்லை.

சக்கடாஷின் பிற்கால வரலாறு சுருக்கமானது, ஓரளவு வருந்தத்தக்கதும்கூட. மெய்ன் மாநிலத்தில் ஐசக் வின்ஸ்லோ பச்சைச் சோளத்தை டப்பாவில் அடைக்கும் முறைக்கு 1862இல் காப்புரிமை பெற்றார். டப்பாவும் பிறகு வந்த உறைபனிப் பொட்டலமும் கோடைக்காலக் கறியை ஆண்டு முழுவதற்கும் ஆக்கின. 1930களின் பொருளாதார மந்தத்தில் மலிவானது, வயிறு நிரப்புவது என்பதற்காக அது வீடுதோறும் புகுந்தது. அதே காரணத்தால் அடுத்த தலைமுறை அதை வெறுத்தது. 1945இல் திரைக்கு வந்த சில்வெஸ்டர் என்னும் கார்ட்டூன் பூனை எச்சில் தெறிக்க அதன் பெயரைச் சொல்லி வைதபோது, அதை உண்டறியாத கோடிப்பேர் கேட்டறிந்தார்கள். ஒரு தொடுகறி வசைச்சொல்லாகப் பதவி உயர்வு பெற்றதற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் அகப்படாது.

உறவுமுறைக் கறிகளில் முதலிடம் கென்யாவின் கிதேரிக்கு. உலர்சோளமும் பீன்ஸும் மணிக்கணக்கில் வேகும் கிக்குயு மக்களின் உணவு அது. அங்கே அது தொடுகறி அன்று, சாப்பாடே அதுதான். விடுதிப் பள்ளியில் படித்த கென்யர்களிடம் அதன் பெயரைச் சொன்னால் பெருமூச்சுதான் வரும். 2017 ஆகஸ்ட் தேர்தலில் வாக்களிக்கும் வரிசையில் நின்றபடி பிளாஸ்டிக் பையிலிருந்து கிதேரி தின்ற ஒருவரின் படம் நாடெங்கும் பரவி, ஆண்டு முடிவதற்குள் அவருக்குக் குடியரசுத் தலைவரின் பாராட்டு விருதும் கிடைத்தது. சக்கடாஷ் தின்று விருது பெற்றவர் எவருமில்லை. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் சமைக்கும் உம்ங்குஷோ, உடைத்த சோளமும் பீன்ஸும் சேர்ந்தது. நெல்சன் மண்டேலா விரும்பி உண்டது. கேப் வெர்தே தீவுகளின் கச்சுப்பாவில் சோளமும் பீன்ஸும் மீனோடோ இறைச்சியோடோ நெடுநேரம் வேகும். மிச்சத்தை மறுநாள் காலை வறுத்து முட்டையோடு உண்பதற்காகவே அதிகம் சமைப்பார்கள் என்று ஐயுற இடமுண்டு. சிலி நாட்டின் பொரோட்டோஸ் கிரனாடோஸில் பச்சை பீன்ஸ் கொட்டை, அரைத்த சோளம், பூசணி மூன்றும் துளசியினத்து பேசில் இலையோடு சேர்கின்றன. மூன்றாம் சகோதரிக்கு நீதி வழங்கிய வகையில் அதற்குத் தனிப் பாராட்டு உரியது.

சில கறிகளின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. லூசியானாவின் மாக் ஷூ மிகச் சுவையானது. ஆனால் அதில் சோளமும் மிளகாயும் இருக்க, பீன்ஸ் இல்லை. டெக்சஸ் கேவியர் என்பது நியூயார்க்கில் பிறந்து 1940இல் டெக்சஸுக்கு வந்த ஹெலன் கார்பிட் காராமணியை வினிகரும் எண்ணெயும் சேர்த்து ஊறவைத்துப் படைத்த சாலட். சோளம் அதில் பிற்காலத்தில் குடியேறியது. அடுப்பே ஏறாததால் அதை உறவுமுறையில் சேர்க்க இயலாது, அண்டை வீட்டார் என்று கொள்ளலாம்.

எஞ்சியிருப்பது உண்ணும் கருவி. முள்கரண்டியால் லைமாவைக் குத்தலாம், சோளமணியைக் குத்த முடியாது. அள்ளினால் பாதி வழியில் உதிரும். அமெரிக்க மேசைகளில் ரொட்டித்துண்டால் மணிகளை முள்கரண்டிக்குத் தள்ளும் ஒரு தந்திரம் நடைமுறையில் உண்டு, நாகரிகம் என்ற பெயரில். சட்டியின் அடியில் தங்கும் சோளப்பாலும் வெண்ணெயும்தான் கறியின் சிறந்த பகுதி, அது முள்கரண்டியில் ஏறவே ஏறாது. ஆகவே சக்கடாஷுக்கும் அதன் உறவினர் அனைவருக்கும் உரிய கருவி குழிக்கரண்டியே.