மறுபடியும் நானே!

திருத்துறைப்பூண்டி சிவனுக்குப் பிறவி மருந்தீஸ்வரர் என்று பெயர். பிறந்து பிறந்து அலுத்துப் போனவர்களுக்கு மறுபிறவி இல்லாமல் பண்ணுகிற ஸ்பெஷலிஸ்ட். ஆனால் மறுபிறவியைத் தீர்ப்பவரிடம்கூட மறுபதவிக்கு மருந்து கிடையாது. ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மறுபடி அதே நாற்காலியில் உட்காரச் சொல்லி அரிக்கும் பாருங்கள், அதற்கு விபூதி கொடுத்தும் பலனில்லை.

அது எம்.பி. பதவியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகக் குழு போதும். சம்பளம் இல்லை, கார் இல்லை, சைரன் இல்லை. இருந்தும் அமெரிக்காவில் ஸ்கூல் போர்டு எலெக்ஷனுக்கு வீட்டு வாசல் புல்வெளியில் போர்டு நட்டு ஓட்டுக் கேட்கிறார்கள். நம் பக்கம் புல்வெளிக்குப் பஞ்சம். அதனால் ஃப்ளெக்ஸ்.

இந்த வியாதியை 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்து, மருந்தையும் எழுதி, சுவரிலேயே வெட்டி வைத்துவிட்டார்கள். அதுதான் உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன், குடவோலை, உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுத்தவன் தமிழன்! பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் டெல்லியில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். கேட்கும்போது எனக்கும் காலர் தூக்கிக்கொண்டது, மறுக்கவில்லை.

கொஞ்சம் காலரை இறக்குவோம். உத்திரமேரூரில் யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. பானைக்குள் பேர் எழுதிய ஓலையைப் போட்டுக் குலுக்கினார்கள். சுருக்கமாகச் சொன்னால் ஏலச்சீட்டு வருவதற்கு முந்தைய குலுக்கல் சீட்டு.

அந்தப் பானைக்குள் போகவும் தகுதி வேண்டும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அஞ்சு மா. சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் படித்திருந்தால் மட்டும் போதாது, பிறருக்கு ஓதுவித்துப் பழகியிருக்க வேண்டும். அஞ்சு மாவில் பாதிதான் நிலம் என்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கிச் சொல்லத் தெரிந்தால் பார்த்துச் செய்வார்கள். பெண்கள், நிலம் இல்லாதவர்கள், பிராமணர் அல்லாதவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கலாம். ஆக, இது நிலச்சுவான்தார் வாத்தியார்கள் சங்கம். உலகின் முதல் ஜனநாயகம் என்பதைவிட உலகின் கண்டிப்பான ஸ்டாஃப் ரூம் என்றால் பொருத்தமாக இருக்கும்.

ஆனால் இந்தக் கல்வெட்டை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதற்குக் காரணம் வேறு. சட்டம் என்று நினைத்துப் படித்தால் போரடிக்கும். போலீஸ் ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் படித்துப் பாருங்கள், ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஓர் ஆசாமி உட்கார்ந்திருப்பார்.

முதல் விதி: கடந்த மூன்று வருஷத்துக்குள் எந்த வாரியத்திலும் இருந்தவர் பேர் பானைக்குள் போகக் கூடாது. வாரியம் என்றால் கமிட்டி. சும்மா ஒருவர் ஒரு வருஷம் இருந்துவிட்டுக் கிளம்பியிருந்தால் இப்படி ஒரு விதி எழுத யாருக்குத் தோன்றும்? 'போன வருஷம் ஏரி வாரியம், இந்த வருஷம் தோட்ட வாரியம், அடுத்த வருஷம் மறுபடி ஏரி' என்று சுற்றிச் சுற்றி வந்த பெரிய மனுஷர் ஒருவராவது இருந்திருக்க வேண்டும். அவர் பெயர் கல்வெட்டில் இல்லை. அவரால் வந்த விதி இருக்கிறது. வரலாற்றில் இடம்பிடிக்க அதுவும் ஒரு வழிதான்.

இரண்டாவது இன்னும் சுவாரஸ்யம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்குத் தடை. சரி, நியாயம். ஆனால் தடை அவரோடு நிற்கவில்லை. சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், அப்பாவின் உடன்பிறந்தவர், தன் உடன்பிறந்தவர், மாமனார், மச்சினன், அக்காள் தங்கை புருஷன், அவர்கள் பெற்ற மருமான், பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை, அப்பா, மகன் என்று எல்லாருக்கும் தடை. கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பேர் வர மாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள், இந்த லிஸ்டை ஒரே நாளில் எவனும் எழுதியிருக்க முடியாது. முதலில் 'மகன் கூடாது' என்றிருப்பார்கள். உடனே மாப்பிள்ளை வந்து நின்றிருப்பார். 'மாப்பிள்ளையும் கூடாது' என்றால் மச்சினன். மச்சினனையும் அடைத்தால் சித்தி மகன் சிரித்துக்கொண்டே வந்திருப்பார். இது என் கற்பனைதான், ஆனால் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் மனைவியை நிறுத்திவிட்டு மீட்டிங்குக்குத் தான் போகும் கணவன்மார்களைப் பார்த்த எவருக்கும் இந்தக் கற்பனை கஷ்டமாக இருக்காது.

கழுதை மேல் ஏற்றப்பட்டவர்களுக்கும் கள்ளக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தனியாக ஒரு தடை உண்டு. ஊருக்கு முள்ளாக இருப்பவர்களும் அதே பட்டியலில். நம் காலத்தில் அவர்களுக்கெல்லாம் போஸ்டரில் வேறு பட்டம் கொடுக்கிறோம்.

குலுக்கலைப் பார்ப்போம். ஊரில் 30 குடும்பு, அதாவது வார்டு. வார்டு வாரியாகப் பேர் எழுதிய ஓலைகளைக் கட்டி, மேலே வார்டு பேர் எழுதிய வாயோலை வைத்துப் பானைக்குள் போட வேண்டும். சின்னவர் பெரியவர் அத்தனை பேரும் சபைக்கு வர வேண்டும். கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி பானையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிறகு ஒரு சின்னப் பையனைக் கூப்பிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வித்தியாசம் தெரியாத பையனாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு பானையில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான்.

மத்தியஸ்தர் அதைச் சும்மா வாங்கிவிட முடியாது. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையைத் திறந்து காட்டித்தான் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதாம். அவர் படித்ததும் விஷயம் முடியவில்லை. அங்கே இருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை ஒவ்வொருவராக வாங்கிப் படிக்க வேண்டும். வேதம் கரைத்துக் குடித்த சபையில், சபையார் நம்பிய ஒரே ஆள் எழுத்துத் தெரியாத பொடியன்தான்.

ஏதென்ஸ்காரர்களும் கிட்டத்தட்ட இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். அவர்கள் 500 பேர் கவுன்சிலுக்குக் குலுக்கிப் போட்டார்கள், அதுவும் ஒருவருக்கு ஆயுளில் இரண்டு தடவைக்கு மேல் இல்லை. மத்தியதரைக்கடலானாலும் செய்யாற்றங்கரையானாலும் பெரிய மனுஷன் ஒரே மாதிரிதான்.

நம் டெல்டாவுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. முதல் கல்வெட்டு 919இல் வெட்டியது. அப்போது அரசன் சார்பில் வந்து சபையோடு உட்கார்ந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். இரண்டே வருஷம் கழித்து, 921இல், புதிய விதிகளோடு வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அவர் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்கநகரைச் சேர்ந்த கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டன் என்கிற சோமாசிப்பெருமான். மேஜையில் நேம் பிளேட் வைத்தால் மேஜையில் வேறெதற்கும் இடம் இருக்காது. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த மனுஷர், தொண்டைநாட்டுக்காரர்களின் உள்ளூர் அரசியலைச் சரி பண்ண அனுப்பப்பட்டார்.

ஒரு சட்டம் இரண்டு வருஷத்தில் திருத்தப்படுகிறது என்றால், இரண்டு வருஷத்தில் எவ்வளவு பேர் அதில் ஓட்டை கண்டுபிடித்திருக்க வேண்டும்! வயசையும் மாற்றினார்கள். முதலில் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது. பிறகு 35க்கு மேல் 70க்குள். உச்சவரம்பு 10 வருஷம் ஏறியிருப்பதைக் கவனியுங்கள். 59 வயசில் வருத்தமாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் சோமாசிப்பெருமானை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார் என்று நான் சந்தேகப்படுகிறேன். இளைஞரணியில் இப்போது 50 வயசுக்காரர்கள் இருக்கிறார்களே, அந்த மரபு எங்கே தொடங்கியது என்று தெரிந்துவிட்டது.

பதவிக்காலம் 360 நாள். அது முடிந்தால் பெருமக்கள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நடுவிலே தப்புச் செய்து மாட்டினால் அன்றைக்கே அவுட். நாம் வேறு மாதிரி முன்னேறியிருக்கிறோம். 2016இல் தமிழ்நாட்டில் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. திருவாரூர் மாவட்டமும் சேர்த்து 27 மாவட்டங்களில் அப்படி வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தேர்தலே இல்லாவிட்டால் மறுதேர்தல் தொல்லையும் இல்லை. இந்த யோசனை பராந்தகனுக்குத் தோன்றவில்லை, பாவம்.

நடுவில் ஒரு போர்டு காலமும் இருந்தது. இன்றும் டெல்டாவில் வயசானவர்கள் 'நான் போர்டு ஹைஸ்கூல்ல படிச்சவன்' என்பார்களே, அந்த போர்டு. வெள்ளைக்காரன் 1884இலும் 1920இலும் போட்ட சட்டங்களில் பிறந்த தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ரோடு போட்டது, சத்திரம் பார்த்தது, பள்ளிக்கூடம் நடத்தியது. சமஸ்கிருதம் மட்டுமே ஒலித்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் நுழைந்தது ஏ.டி. பன்னீர்செல்வம் போர்டுத் தலைவராக இருந்தபோதுதான். போர்டு மெம்பர் என்றால் அப்போது சின்ன ஜமீன்தார் மாதிரி. பானை போய் ஓட்டுப் பெட்டி வந்ததுதான் வித்தியாசம். அஞ்சு மா மட்டும் வரி ரசீது வேஷத்தில் வந்து வரிசையில் நின்றது.

இன்றைய கதை பள்ளி மேலாண்மைக் குழு. கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் சொல்லிவிட்டது, அரசுப் பள்ளிகளில் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று. தமிழ்நாட்டில் 2022இல் மாநிலம் முழுக்க இதை மறுகட்டமைத்தார்கள், 20 உறுப்பினர்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம். நடவுக்குப் போய்விட்டு வந்த அம்மா, சேலையில் சேறு காய்வதற்குள் தலைவராகலாம். பராந்தகன் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பான்.

மறுபதவிக்கு இதில் ஒரு தடை இருக்கிறது பாருங்கள், சோமாசிப்பெருமானுக்கே எட்டாதது. உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால்தான் நீங்கள் பெற்றோர் உறுப்பினர். நடுநிலைப் பள்ளியில் பையன் எட்டாவது தேறிவிட்டால் அம்மாவின் பதவி காலி. மகன் பாஸானதற்கு உள்ளுக்குள் லேசாக வருத்தப்படும் தலைவர் எங்கேயாவது இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பதவி போனாலும் பேர் போகாமல் இருக்க நம்மவர்களுக்கு வழி தெரியும். ஏதாவது ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். டியூப் லைட்டில் சிவப்புப் பெயின்ட்டில் 'உபயம்' என்று ஆரம்பித்து, பேர், அப்பா பேர், தெரு, தொழில், முன்னாள் பதவி எல்லாம் எழுதியிருக்கும். எழுத்து போக மிச்சமிருக்கும் இடத்தில் வெளிச்சம் வரும். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் குடவோலை முறை பற்றிப் படிக்கிறார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 921 கல்வெட்டில் கணக்கனுக்கு என்று ஒரு விதி இருக்கிறது. தன் கணக்கைத் தானே கொண்டுவந்து பெருமக்களிடம் காட்டி, 'சுத்தம்' என்று பேர் வாங்கும்வரை அவனுக்கு அந்த வேலை மறுபடி கிடையாது. அவன் கணக்கை முடித்துக் கொடுக்க வேறு கணக்கன் உள்ளே வரவும் கூடாது. சி.ஏ. ஆபீசில் கொடுத்துச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்ற வாசலையும் சாத்திவிட்டார்கள். விதி வெட்டிய கல் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அப்படியே இருக்கிறது. எந்தக் குழுவானாலும் சரி, மறுபடியும் நிற்கப் போகிறவர்கள் மனுத் தாக்கலுக்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் இருக்கிறது.