விளக்கு அணைந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்

பயிற்சி இல்லாதவர்கள்தான் கோளாறைத் தவறாகக் கணிப்பார்கள் என்பது ஒரு நம்பிக்கை. 1979 மார்ச் 28 விடியற்காலை 4 மணிக்கு, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கியபோது இருந்தவர்கள் முறையாகப் பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள்.

அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையிலோ அதன் விளக்கு அணைந்திருந்தது; வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். மூடும்படி உத்தரவு போனது வரைதான் அந்த விளக்குக்குத் தெரியும். வால்வு கீழ்ப்படிந்ததா என்பது அதன் இலாகா அல்ல.

உலையின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கலத்தைத் தண்ணீரால் முழுக்க நிரம்ப விடாதே என்பது பாடம். உலையிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்க, கலத்தின் அளவுமானி ஏறியது. தானாக ஓடத் தொடங்கிய அவசரக் குளிர்நீரைப் பாடப்படி குறைத்தார்கள். தேர்வென்றால் முழு மதிப்பெண். நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அலறின. அவற்றை அச்சிட்ட இயந்திரம் பின்தங்கி, பழைய கதையை நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

1977-இல் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே கோளாறு, இதே தவறு. அந்தச் சேதி இவர்களை எட்டவில்லை. கோப்புக்கும் ஒரு வால்வு உண்டு. அது மூடியபடி சிக்கும். பயிற்சி தந்த சிமுலேட்டரிலும் இப்படியொரு நிலைமையை ஓட்டிக்காட்ட வழியில்லை என்று விசாரணைக் குழு பிறகு எழுதியது.

6.22 மணிக்கு, அடுத்த ஷிப்டுக்கு வந்த ஒருவர் சொல்லி, தண்ணீர் வெளியேறிய பாதையின் தடுப்பு வால்வை மூடினார்கள். மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தகுதி அவருக்கு இருந்தது: நான்கு மணிக்கு அவர் அங்கே இல்லை.