அம்மா கொடுத்த அச்சுக்கூலி

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சுப்பிரமணிய சிவா என்றால் தியாகி. நினைவு நாளில் மாலை போடுவார்கள், பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போவார்கள். அந்த வரிசையில் நானும் போயிருக்கிறேன். அவர் பத்திரிகை நடத்தியவர், நாவலும் நாடகமும் எழுதியவர் என்று அன்றைக்கு ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எழுதுவது நம்மூரிலும் நடக்கிற காரியம்தான் என்ற தைரியம் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கும்.

1908-இல் வ.உ.சி.யோடு கைதானவர் சிவா. சிறையில் தொழுநோய் தொற்றியது. 1912-இல் வெளியே வந்தவர் அடுத்த ஆண்டே சென்னையில் ‘ஞானபாநு’ பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். புதுச்சேரியில் முடங்கிக் கிடந்த பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ அதில்தான் வந்தது. பின்னாளில் நோயைக் காரணம் காட்டி அரசாங்கம் அவரை ரயிலில் ஏறவிடவில்லை. நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலையில், 41 வயது நிரம்புமுன்பே, சிவா இங்கே காலமானார். கோயிலை அவர் பார்க்கவில்லை. அவர் பெயரில் நினைவிடமும், பாரத மாதா நினைவாலயமும் இன்று இருக்கின்றன.

தாமதமாக வந்த அந்தத் தைரியத்தில் எழுதிய என் முதல் சிறுகதைத் தொகுப்பு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் ஓர் அச்சகத்தில் அச்சானது. ஈய எழுத்து. எட்டுப் பக்கம் கோத்ததும் பெட்டியில் எழுத்து தீர்ந்துவிடும். அந்த எட்டையும் டிரெடில் அச்சு இயந்திரத்தில் ஓட்டி, கட்டை அவிழ்த்து, எழுத்துகளை அதனதன் அறையில் பிரித்துப் போட்டால்தான் அடுத்த எட்டு. ‘ழ’ மட்டும் எப்போதும் பற்றாது. கம்பாசிட்டர் அண்ணன், “ஏம்ப்பா, இவ்வளவு மழை பெய்யணுமா உன் கதையில?” என்பார். நான் வாக்கியத்தை மாற்ற மாட்டேன்; அவரும் மாற்றச் சொன்னதில்லை, காத்திருந்து கோத்துக் கொடுத்தார்.

கூலியைக் கொடுத்தது அம்மா. அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா மண்டியில் புளி தட்டப் போவாள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். புளிப்பு ஏறி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, “எத்தனை பக்கம் ஆச்சு சாமி?” என்று கேட்பாள். அறிவொளி எழுத்தறிவு வகுப்பில் கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டவள் அவள். விற்காமல் வந்த கட்டுகளை வீட்டுப் பரணில் புளிப் பானைகளுக்குப் பக்கத்தில் ஏற்றினோம். அட்டையைப் பிரித்தால் இன்றும் புளிவாசம் வருகிற பிரதி ஒன்று என்னிடம் உண்டு.

இப்போது கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், கேட்ட அளவுக்கு முப்பதோ ஐம்பதோ பிரதி அச்சாகி வீட்டுக்கே வந்துவிடுகிறது. தருமபுரியில் புத்தகத் திருவிழா நடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் நின்ற மாவட்டம், நூற்றுக்கு 68 பேர் சொச்சம்தான், இன்று பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து புத்தகம் வாங்குகிறது. அதைப் பார்க்கையில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தத் திருவிழாவில் சிவாவின் எழுத்தைத் தேடினேன். அவரைப் பற்றிய நூல்கள் கிடைத்தன. அவர் எழுதியது ஒன்றும் என் கைக்கு அகப்படவில்லை. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு போனால் நூலுரிமை முடிந்துவிடும். சிவாவுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் அச்சிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பழைய பிரதிகளிலிருந்து அவர் கட்டுரைகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன். ஐம்பது பிரதிக்கான செலவை என் ஓய்வூதியத்தில் ஒதுக்கிவிட்டேன். முதலில் எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்குத்தான் கொடுக்கப்போகிறேன்.