மணிக்கட்டில் ஒரு மைத்துனன்

தரையிலே பிறந்து, தரையிலே உத்தியோகம் பார்த்து, தரைக்கே மாதம் தவறாமல் வாடகையும் கொடுத்து வரும் ஒரு மனிதனுக்கு, நடுவயதில் கடலின் அடியை நேரில் கண்டுவர வேண்டும் என்ற ஆசை உதித்துவிட்டால், அந்த ஆசையைக் கண்டிக்க உறவினர் பலர் முன்வருவார்களே ஒழிய, அதற்கு வேண்டிய சாமான்களில் எது உசிதம் என்று சொல்ல ஒருவரும் முன்வர மாட்டார்கள். அந்தமானில் ஹாவ்லாக் என்று வழங்கி, 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் பெற்ற இடத்தில் ஸ்கூபா பயின்று, 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்ற அத்தாட்சியும் பெற்ற எனக்கு, கண்ணாடியும் காலுக்குத் துடுப்பும் வாங்குவதில் யாதொரு சிரமமும் இருக்கவில்லை. முகத்துக்குப் பொருந்தியது கண்ணாடி. பாதத்துக்குப் பொருந்தியது துடுப்பு. டைவ் கம்ப்யூட்டர் என்னும் சிறிய யந்திரம் மட்டும் மணிக்கட்டுக்குப் பொருந்தினால் போதாது, நம்முடைய சுபாவத்துக்கும் பொருந்த வேண்டும் என்றார்கள் அனுபவஸ்தர்கள். அங்கேதான் வந்தது சங்கடம்.

இந்த யந்திரத்தின் தொழில் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். நீருக்குள் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வாயுமண்டலத்தின் பாரம் நம்மீது கூடுகிறது. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், அழையாத விருந்தாளியாக உடம்பெங்கும் கரைந்து தங்கிவிடுகிறது. நிதானமாக மேலே வந்தால் வந்த வழியே மரியாதையாக வெளியேறும். அவசரப்பட்டு வந்தாலோ குமிழிகளாகி, மூட்டுகளிலும் நரம்புகளிலும் கலகம் விளைவிக்கும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்பவற்றைக் கணத்துக்குக் கணம் கணக்கிட்டு எச்சரிப்பதே அதன் கடமை.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்களுக்கு இந்தக் கணக்குகள் ஒன்றும் இல்லை. அவர்கள் கொண்டு சென்ற காற்று ஒரே ஒரு மூச்சுதான். கல்லைத் துணையாகக் கொண்டு இறங்கி, இடுப்புக் கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை மைத்துனனிடமே ஒப்படைப்பது வழக்கம் என்று அந்தக் கரையில் சொல்வார்கள்; உடன்பிறந்தவளின் மாங்கல்யத்தில் அவனைவிட அக்கறையுள்ளவன் வேறு எவன் இருக்க முடியும்? இந்த ஏற்பாட்டைச் செய்த பெரியவர்கள் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள். ஆக, நான் விலைக்கு வாங்கப் புறப்பட்டது, உள்ளபடி சொன்னால், ஒரு மைத்துனனைத்தான்.

மைத்துனர்களிலே வகை உண்டல்லவா? நிழலைக் கண்டாலும் ‘மேலே வாருங்கள் அத்தான்’ என்று பதறுகிறவன் ஒருவன். ‘அத்தானுக்குத் தெரியாததா’ என்று கயிற்றைத் தளர விட்டுவிடுகிறவன் ஒருவன். டைவ் கம்ப்யூட்டர்களும் அப்படியே. ஒரே ஆழத்தில் ஒரே நேரம் கிடந்த இரண்டு யந்திரங்கள், ஒன்று ‘போதும்’ என்றும் மற்றொன்று ‘இன்னும் சற்று இருக்கலாம்’ என்றும் பேசும். காரணம், உள்ளே இருக்கும் கணித சாஸ்திரம் வேறு வேறு. இந்தச் சாஸ்திரத்துக்கு மூலபுருஷர் ஜே. எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. கடற்படையின் பொருட்டு அவரும் சகாக்களும் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து, வெளியே விட்டபின் எந்த ஆடு வலி தாளாமல் முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, 1908-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் ஸுரிக் நகரத்து ஆல்பர்ட் பியூல்மன், நம் தேகத்தை நைட்ரஜனை வேகமாகவும் மெதுவாகவும் ஏற்கும் 16 அறைகளாகப் பாவித்துக் கணக்கிட்டார். இவை ஈரல் என்றும் இருதயம் என்றும் சுட்டிக் காட்டத்தக்க அவயவங்கள் அல்ல. கணிதத்தின் சௌகரியத்துக்காகக் கற்பித்துக்கொண்டவை. இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் எனக்குள்ளே 16 அறைகள் இருப்பதாக ஒருவர் மதித்ததில் எனக்கு உண்டான பெருமிதம் கொஞ்சமல்ல. ஆனால் அந்த யந்திரத்துக்குத் தெரிந்தவை ஆழமும் நேரமுமே. என் தொந்தியையும், முன்னிரவில் நான் உண்ட பரோட்டாவையும் அது அறியாது.

கடைக்காரரோ சாஸ்திர விசாரணையில் சிரத்தை காட்டவில்லை. வர்ணத் திரையும், திசைகாட்டியும், சிலிண்டரில் மிஞ்சிய காற்றைக் கம்பியில்லாமல் மணிக்கட்டுக்கே அறிவிக்கும் டிரான்ஸ்மிட்டரும் உள்ள ஒன்றை என் முன் வைத்தார். விலையைக் கேட்டதும், கடலில் இறங்காமலே எனக்கு மூச்சு முட்டிற்று. பிறகு வந்தது இரண்டே பொத்தான்கள் உள்ள எளிய யந்திரம். அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன்; நாற்பதைக் கடந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கடலடியில் முகக் கண்ணாடிக்குள்ளே மூக்குக் கண்ணாடியும் மாட்டிக்கொள்ள வழியில்லை அல்லவா? அதன் இலக்கங்கள் கடைவீதிக் கடிகாரம் போலத் தடித்திருந்தன. அதன்மேல் தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும் என்பதால், சமுத்திர ராஜனும் தன் பங்குக்கு உபகாரம் செய்வான். பின்மூடியைத் திருகினால், நாமே மாற்றக்கூடிய பாட்டரி. சில யந்திரங்களுக்குப் பாட்டரி தீர்ந்தால் அவற்றைப் பார்சல் கட்டி வெளியூருக்குச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று கேள்வி.

ஆயினும் சாஸ்திரம் என்னை விடவில்லை. கெடுபிடியான கணிதமா, தாராளமான கணிதமா என்று என் பயிற்சியாளரிடம் முறையிட்டேன். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர் அவர். என்னைத் தண்ணீருக்குள் பார்த்தவர். “சார், 18 மீட்டர்ல அட்டவணைப்படி 56 நிமிஷம் இருக்கலாம். உங்க காத்து எவ்வளவு நேரம் வரும்னு கணக்குப் போட்டீங்களா?” என்றார்.

போட்டேன். நாங்கள் சுமக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தது ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. 50 பார் ஆபத்துக்கென்று ஒதுக்கினால் மிச்சம் 1,650. கற்றுக்குட்டி ஒருவன் கரையிலேயே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறான் என்றால், 18 மீட்டரில் அதைப் போல 2.8 மடங்கு, அதாவது 56 லிட்டர் இழுப்பான். வகுத்தால் அரை மணிகூட நிற்கவில்லை! பியூல்மன் வாயைத் திறப்பதற்கு முன்பே என் சிலிண்டர் காலியாகி, நான் படகில் ஏறி டீ கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படியானால் யந்திரமே வேண்டாமா என்றால், அதுவும் விவேகமல்ல. ஒரே நாளில் இரண்டு மூன்று முறை இறங்குகிறவனுக்கு, காலையில் ஏறிய நைட்ரஜனில் மாலை வரை எவ்வளவு பாக்கி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறினால் கூச்சலிடும். 5 மீட்டரில் 3 நிமிஷம் நிறுத்தி வைக்கும். அடுத்தடுத்து இறங்கியபின் 18 மணி நேரம் ஆகாய விமானத்தில் ஏறலாகாது என்ற விதியையும் ஒரு சிறு விமானப் படத்தால் நினைவூட்டும். மேலதிகாரியிடம் ஒருநாள் லீவு கூடுதலாகக் கேட்பதற்கு இதைவிடச் சாஸ்திரோக்தமான காரணத்தை நான் கண்டதில்லை. இணையாக இறங்குகிறவர்களில் எவருடைய யந்திரம் முதலில் ‘போதும்’ என்கிறதோ, அதன் சொற்படியே இருவரும் ஏற வேண்டும் என்பதும் நெறி. ஆகவே தாராளமான யந்திரத்தை ஏராளமான விலைக்கு வாங்கியவரும், கடைசியில் துணைவருடைய பயந்த யந்திரத்துக்கே கட்டுப்பட வேண்டியவர்தான்.

தடித்த இலக்கங்களும் இரண்டு பொத்தான்களும் உள்ளதையே வாங்கினேன். மிச்சப்பட்ட பணத்தை மறுபடி மறுபடி கடலில் இறங்குவதற்கென்று ஒதுக்கினேன். நிதானமாக மூச்சுவிடும் வித்தை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை, இறங்கி இறங்கித்தான் வர வேண்டும் என்றார் பயிற்சியாளர். காற்று தீர்வதற்கு முன்னால் நேரம் தீருகிற உயர்ந்த நிலையை நான் என்றைக்கு எட்டுகிறேனோ, அன்றைக்கு ஸுரிக் நகரத்துக் கணிதத்தின் நுட்பங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டாகும். அதுவரையில் எனக்கு ஆடுகளே போதும்.