197609 யார்? சில உருப்படாத யோசனைகள்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் சிக்வின் போட்டுக்கொண்டு, 'இனி நானும் யூனிக்ஸ்காரன்' என்று காலரைத் தூக்கிவிட்டவர்களுக்காக இது. ஒருநாள் 'எல்எஸ் மைனஸ் எல்' அடிக்கிறீர்கள். ஃபைலின் சொந்தக்காரர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'அன்நோன் பிளஸ் யூசர்' என்று வருகிறது. நீங்களே எழுதிய ஃபைல்தான். இப்போது என்ன செய்யலாம்?

மறந்தும் 'ஐடி' என்ற கட்டளையை அடித்துவிடாதீர்கள். நீங்கள் யார், என்ன எண், எந்தெந்தக் குழு என்று ஒரே வரியில் கொட்டிவிடும். அப்புறம் சனிக்கிழமை எப்படிப் போகும்? நேராக 'சிஎச்மாட் 777' போடுங்கள். சாவி தொலைந்தால் கதவையே கழற்றி வைக்கிற வைத்தியம். ஃபைல் உங்களுடையதே இல்லை என்று விண்டோஸ் நினைப்பதால் அதுவும் 'பர்மிஷன் டினைட்' என்று முகத்தில் அடிக்கும். உடனே 'சூடோ' அடியுங்கள். சிக்வினில் சூடோவும் கிடையாது, ரூட்டும் கிடையாது. ஜன்னல் அட்மினாகத் திறந்ததா என்று தெரிய, உங்கள் குழுக்களில் 544 இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பார்க்காதீர்கள்.

அடுத்து, சொல்லை மீறி 'ஐடி' அடித்துவிட்டால், அதில் வரும் 197609 என்ற எண்ணைக் கண்டு ஹேக்கர் புகுந்துவிட்டான் என்று வீட்டில் அறிவித்துவிடுங்கள். தவறிப்போய்க் கழித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். விண்டோஸ் பெரும்பாலான பயனர் கணக்குகளுக்கு 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட அடையாள எண் வைத்திருக்கிறது; பெயரெல்லாம் நமக்காகத்தான். ஒரே கம்ப்யூட்டரின் உள்ளூர்க் கணக்குகளுக்குள் 'சிட்' என்ற அந்த எண்ணின் வால் மட்டும் கணக்குக்குக் கணக்கு மாறும். உள்ளூர்க் கணக்கென்றால் சிக்வின் அந்த வாலோடு 196608-ஐக் கூட்டுகிறது. வால் 1001 என்றால், இதோ உங்கள் ஹேக்கர். ஆபீஸ் டொமைன் கணக்கென்றால் பெரும்பாலும் 1048576-ஐக் கூட்டும். உள்ளூர்க் கணக்கோடு வரும் குழு எண் 197121-லிருந்தும் அதே 196608-ஐக் கழித்துப் பாருங்கள்: 513. அந்தக் குழுவின் பெயர் 'நன்'. 'எந்தக் கட்சி சார்?' என்றால், 'ஒன்றுமில்லை கட்சி' என்று உறுப்பினர் அட்டையை நீட்டுகிற மாதிரி.

சிக்வின் முன்பு கணக்கு விவரத்தைப் படித்துவந்த பாஸ்வேர்ட் ஃபைலைப் பூஜை அறைப் படம்போலக் காப்பாற்றுங்கள். 2015-ல் வந்த 1.7.34 பதிப்பிலிருந்து சிக்வின் கணக்கு விவரத்தை விண்டோஸிடமே கேட்டுக்கொள்கிறது. ஆனாலும் பழைய ஃபைல் கிடந்தால் முதலில் அதைத்தான் படிக்கும். அதில் பழைய எண் இருந்தால் எல்லாம் கோணல்தான். ஃபைலை நகர்த்திவிட்டு, திறந்திருக்கும் சிக்வின் ஜன்னல்களையெல்லாம் மூடித் திறந்தால் பாதிக் கோளாறு போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், தொடாதீர்கள்.

இந்த யோசனைகளையெல்லாம் நான் சொந்தச் செலவில் சோதித்தவன். லேப்டாப்பில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். அதே பெயர், அதே பாஸ்வேர்ட், அதே பிள்ளையார் வால்பேப்பர். பேக்கப் டிஸ்கைச் செருகினால் எல்லாம் 'அன்நோன் பிளஸ் யூசர்'. இரண்டு நாள் 777 போட்டு அலுத்த பிறகு, கடைசியில் 'ஐடி' அடித்தேன். 197609. பழைய எண்ணேதான்! வால் அதே 1001. நடுவில் கம்ப்யூட்டரைக் குறிக்கும் மூன்று நீள எண்கள்தான் புதுசு. டிஸ்கில் இருந்ததோ பழைய ஆள். அட்மினாக ஒரு சிக்வின் ஜன்னல் திறந்து, 'சிஎச்ஓன்' கட்டளையால் பழையவன் சொத்தைப் புதியவன் பெயருக்கு மாற்றி எழுதினேன். பத்திரப்பதிவுக் கட்டணம் இல்லை.