529-ம் தட்டுவடை செட்டும்

நியூ ஜெர்சி

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இந்த வருஷம் புதிதாக என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டு விழாவுக்கு சினிமா நடிகரைக் கூப்பிடுவதைவிடச் செலவு குறைந்த யோசனை ஒன்று இருக்கிறது. இங்கே பள்ளிக்கூடங்களில் ‘காலேஜ் சேவிங்ஸ் நைட்’ என்று ஒரு கூட்டம் போடுவார்கள். சாயங்காலம் ஏழு மணி, பள்ளி நூலகம், ஆறிப்போன பீட்சா, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். பிள்ளைக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது. அதன் காலேஜ் ஃபீஸைப் பற்றிப் பெரியவர்கள் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு பேசுவார்கள். குத்துவிளக்கு கிடையாது, பொன்னாடை கிடையாது, ‘அவர்களே, இவர்களே’ கிடையாது. நம்மூர்க் கணக்கில் இதை விழா என்றே சொல்ல முடியாது. ஆனாலும் நம் சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு இன்றைக்கு அவசரமாக வேண்டிய கூட்டம் இதுதான் என்பது என் கட்சி.

அங்கே விலைபோகும் சரக்குக்குப் பெயர் ‘529’. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 529-ஆம் பிரிவில், 1996-இல் பிறந்த சேமிப்புக் கணக்கு அது. சட்டப் பிரிவின் எண்ணே பெயராகிவிடுவது நமக்கும் பழக்கம்தான். ஆனால் நம்மூரில் அப்படிப் புகழ்பெற்றவை 144-ம் 420-ம். ஒன்று கலவரம், இன்னொன்று மோசடி. (2024 ஜூலையில் வந்த புதுச் சட்டம் 420-ஐ 318 ஆக்கிவிட்டது. ஊர் வாய் இன்னும் மாறவில்லை.) இங்கே எண்ணுக்குப் பின்னால் இருப்பது சேமிப்பு. பெற்றோர் போடும் பணம் வளர்கிறபோது வரி இல்லை. படிப்புக்கு எடுத்தாலும் வரி இல்லை. வேறு செலவுக்கு எடுத்தால் வளர்ந்த தொகைக்கு வரியும், அதன்மேல் 10 சதவீதம் அபராதமும் உண்டு. மூத்தவன் காலேஜுக்குப் போக மாட்டேன் என்றால் கணக்கை இளையவள் பெயருக்கு மாற்றலாம். கணக்கு 15 வருஷம் பழையதாக இருந்தால், மிச்சத்தில் 35,000 டாலர் வரை பிள்ளையின் ஓய்வுகாலக் கணக்குக்கு மாற்றலாம் என்று 2024 முதல் ஒரு சலுகையும் வந்திருக்கிறது. படிக்காத பிள்ளைக்கும் பென்ஷன் யோசிக்கிற தேசம் இது.

இதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டியதில்லை. இதே குணமுள்ள சரக்கு ராசிபுரம் தபால் ஆபீஸிலும் கிடைக்கிறது. பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015-இலிருந்து இருக்கிறது. பையனுக்கு அதே ஆண்டு தமிழ்நாட்டு அஞ்சல் வட்டம் பொன்மகன் என்று பெயர் சூட்டிய பொது வைப்பு நிதி. செல்வமகளில் பத்து வயதுக்குள் கணக்கு தொடங்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். 18 வயதில் மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் அறிவித்த 8.2 சதவீத வட்டியே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒரு வயதில் தொடங்கி மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினால் பெண்ணுக்குப் 18 ஆகும்போது கணக்கில் சுமார் 4 லட்சம் இருக்கும். ஒன்பது வயதில் தொடங்கினால் அதே ஆயிரம் சுமார் ஒன்றரை லட்சத்தோடு நின்றுவிடும். முன்னவர் விதிப்படி 15 வருஷத்தில் கைக்காசாகக் கட்டியது 1,80,000, பின்னவர் 9 வருஷத்தில் 1,08,000. கட்டியதில் வித்தியாசம் முக்கால் லட்சத்துக்குள், கிடைப்பதில் இரண்டரை லட்சம். ஆக, திட்டத்துக்குப் பஞ்சமில்லை. குழந்தை யூ.கே.ஜி. படிக்கும்போதே இந்தக் கணக்கை நாலு பேர் நடுவில் உரக்கச் சொல்கிற ஒரு சாயங்காலத்துக்குத்தான் பஞ்சம்.

நம் வட்டாரத்தில் ஏன் அவசரம் என்றால், படிப்புக்கு நாம் பணம் செலவழிக்கிற முறை அப்படி. 2007-இல் நுழைவுத் தேர்வு ஒழிந்து, பிளஸ் டூ மார்க்கே எல்லாம் என்று ஆனபோது, நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடே டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியது. 2017-இல் நீட் வந்தது. அதே வருஷம் அரசு ரேங்க் அறிவிப்பதையும் நிறுத்தியது. பேனரில் மாநில முதலிடம் போய் நீட் பயிற்சி வந்தது. பெற்றோரின் பணம் மட்டும் அன்றும் இன்றும் பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு வருஷத்தில்தான் கொட்டப்படுகிறது. எந்தக் காலேஜ் என்பதை எங்கள் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல ஆளுண்டு; அந்தக் காலேஜுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்க ஆளில்லை. முட்டைக்கோழிக்கு ஏறக்குறைய இருபது வாரம் தீனி மட்டும்தான் போகும், முட்டை வராது என்பது நாமக்கல்லில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பொறுமை பண்ணையோடு நின்றுவிடுவதுதான் வேடிக்கை.

‘தங்கம் இருக்கிறதே’ என்பீர்கள். தங்கத்தின் மதிப்பைக் குறை சொன்னால் அக்கா என்னை ஊருக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். விலை ஏறித்தான் இருக்கிறது. ஆனால் வளையலில் ‘பி.இ. இரண்டாம் ஆண்டு’ என்று எழுதியிருக்காது. லாரிக்கு எஃப்.சி. வந்தால் வளையல் அடகுக்குப் போகும். கல்யாணம் வந்தால் முதல் வரிசையில் நிற்கும். இங்கே அபராதமும் அங்கே நினைத்தபோது எடுக்க முடியாத விதியும் செய்வது ஒரே வேலை, பணத்தை நம்மிடமிருந்தே காப்பாற்றுவது. ‘பேங்க் கடன் தருகிறதே’ என்றால், தருகிறது; ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமலேயே வழியிருக்கிறது. ஆனால் பையன் படிக்கும்போதும் வட்டி லீவு எடுப்பதில்லை. ‘அரசாங்கம் கொடுக்கிறதே’ என்றால், 7.5 சதவீத இடஒதுக்கீடும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாயும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை முன்வைத்து வந்தவை. உங்கள் பள்ளியில் ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. இந்தக் கூட்டம் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்கே.

இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. இத்தனை கூட்டம் போட்ட அமெரிக்காவில் மாணவர் கடன் ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கு மேல் நிற்கிறதே, இவர்களிடம் நாம் பாடம் படிப்பதா? நியாயம். பல தனியார் பல்கலைக்கழகங்களில் தங்கும் செலவோடு வருஷத்துக்கு 80,000 டாலர் தாண்டுகிற ஊரில் சேமிப்பு மட்டும் என்ன செய்யும்? கட்டணத்தை அரசு கட்டுப்படுத்துகிற வேலைக்கு இந்தக் கூட்டம் மாற்றாகிவிடாது. அதோடு, கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கையில் காசுள்ளவர்கள். மேன் மாநிலத்தில் ஓர் அறக்கட்டளை, பிறக்கும் குழந்தைக்கெல்லாம் 500 டாலர் தருகிறோம், விண்ணப்பியுங்கள் என்றது. சும்மா கிடைக்கும் பணத்துக்கே பலர் விண்ணப்பிக்கவில்லை. பிறகு 2013-இலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு விண்ணப்பமே வேண்டாம் என்று மாற்றினார்கள். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம், அழைப்பிதழ் அடித்தால் போதாது என்பது. எல்.கே.ஜி. அட்மிஷன் அன்றே, ஆதாரும் பிறப்புச் சான்றும் கையில் இருக்கும்போதே, தபால்காரரைப் பள்ளிக்குள் உட்கார வையுங்கள். பெண் பிள்ளைக்கு 250 ரூபாயிலேயே கணக்கு தொடங்கிவிடும்.

கடைசியாக, நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம்: ‘விழிப்புணர்வுக் கூட்டம்’ என்றாலே நம் பக்கம் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் முதலீட்டுப் பணத்தோடு ஈமுக்கோழி ஓடிய ஓட்டம் யாருக்கும் மறந்திருக்காது. அந்தப் பயம் நல்லது, அப்படியே இருக்கட்டும். அதனால் மூன்றே விதி. பேசுகிறவர் தபால் துறை அல்லது அரசு வங்கி ஆளாக இருக்க வேண்டும். கமிஷன் வாங்கும் எவருக்கும் மைக் தரக்கூடாது. பெற்றோர் தரும் பணம் ஒரு ரூபாய்கூடப் பள்ளியின் கைக்குப் போகக்கூடாது. பீட்சா வேண்டாம், தட்டுவடை செட் போதும். அதற்காகவே சேலத்திலிருந்தும் ஆள் வரும். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் சனிக்கிழமைக்கு மண்டபம் சொல்லிவிடுங்கள். தாளாளர் சிறப்புரை ஆற்ற விரும்பினால், தபால்காரர் பேசி முடித்து, கணக்குகள் தொடங்கி முடித்த பிறகு தாராளமாக ஆற்றட்டும்.

அன்புடன்,
உங்கள் மச்சினன்